டைட்டிலை மட்டும் சொல்லுங்க... மத்ததை நாங்க பாத்துக்கறோம்!

வியாழக்கிழமை ராத்திரி அக்காவிடமிருந்து போன்.

"டேய் தம்பி, உன் மாப்ளை 18,000 ரூபாய் கேக்கறான்டா."

"எதுக்கு? பைக்குக்கா?"

"பிராஜெக்ட் வாங்கறதுக்காம். காந்திபுரத்துல விக்கறாங்களாம். நாலு வருஷமா லட்ச லட்சமா ஃபீஸ் கட்டினோமே, பிராஜெக்ட் அதுல சேராதா? தனியா வாங்கணுமா? நீ இன்ஜினீயர்தானே, நேர்ல வந்து என்னன்னு பாரு!"

என் பெயருக்குப் பின்னால் பி.ஈ. என்று இரண்டு எழுத்து இருப்பது உண்மைதான். அதில் ஒரு சின்ன வில்லங்கமும் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை மேனேஜரிடம் 'தலைவலி' என்று பர்மிஷன் வாங்கினேன். (அவரைப் பார்த்தாலே வருவதுதான், பொய்யில்லை.) சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்து, விடிகாலையில் கோவை ஜங்ஷனில் இறங்கினால், மாப்ளை பைக்கோடு நிற்கிறான். அக்கா பையன். டிரிபிள் ஈ கடைசி வருஷம். ஆறடி உயரம், அதற்கேற்ற தலைமுடி, வாயைத் திறந்தால் மட்டும் வெல்லம்.

"வாங்க மாமா. டிரெயின்ல தூங்குனீங்களா? காபி குடிச்சுட்டுக் கடைக்குப் போயிரலாமுங்களா?"

கடை என்று அவன் சொன்னது துணிக்கடை மாதிரியே ஒரு கடையைத்தான். காந்திபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டுச் சுவர் முழுக்க போர்டு. 'பி.ஈ., பி.டெக்., எம்.சி.ஏ., எம்.பி.ஏ. அனைத்துக்கும் பிராஜெக்ட் செய்து தரப்படும்!' கீழே சின்ன எழுத்தில், 'டைட்டிலை மட்டும் சொல்லுங்க!'

உள்ளே நெற்றி நிறைய விபூதியோடு ஒரு இளைஞர். "வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" கோவைக்காரர்கள் நம்மைக் கழுத்தறுப்பதாக இருந்தாலும் முதலில் டீ கொடுத்துவிட்டுத்தான் அறுப்பார்கள். அப்படி ஒரு மரியாதை.

ஓட்டல் மெனு மாதிரி ஒரு அட்டையை நீட்டினார். சாஃப்ட்வேர் மட்டும் என்றால் ஒரு விலை. ஹார்டுவேர் சேர்ந்தால் வேறு விலை. ரிப்போர்ட் பைண்டிங்கோடு. வைவாவில் கேட்கப்போகும் 30 கேள்விகளும் அதற்கான பதில்களும் இலவச இணைப்பு! நம் பத்திரிகையில் பொங்கல் மலரோடு காலண்டர் கொடுப்பதில்லையா, அது மாதிரி.

மாப்ளை தேர்ந்தெடுத்திருந்த அயிட்டத்தின் டெமோவையும் காட்டினார். பூந்தொட்டி ஒன்று. மண்ணில் குத்திய இரண்டு கம்பி. மீன் தொட்டிக்குப் போடுகிற குட்டி பம்ப். மண் காய்ந்தால் சென்ஸார் சொல்லும், பம்ப் ஓடும். ஈரமானால் நிற்கும். 'விவசாயிகளின் துயர் துடைக்கும் தானியங்கிப் பாசனம்' என்பது டைட்டில். தொட்டியில் இருந்தது பிளாஸ்டிக் செடி.

"இதே டைட்டில் இந்த வருஷம் எத்தனை பேருக்குங்க?"

"அது கெடக்குதுங் சார், ஒரு பத்துப் பன்னண்டு பேரு. ஆனா ஒவ்வொரு காலேஜுக்கும் பெட்டி வேற கலருங்!"

கிளம்பும்போது பாவம், அவரே புலம்பினார். "முந்தி ரிப்போர்ட் எழுதித் தர்றதுலயே நல்ல காசுங். இப்ப அதை ஏ.ஐ. ஓசியில எழுதிக் குடுத்துருது. இன்னும் ரெண்டு வருஷத்துல எங்க பொழப்பும் போச்சுங்."

அவர் சொன்னது படி இறங்கும்போது மனசில் சுற்றியது. பதிலை எழுத மெஷின் வந்தாச்சு. பெட்டி செய்ய ஆள் இருக்கு. அப்புறம் பையன் செய்ய வேண்டியதுதான் என்ன?

"மாப்ளே, அட்வான்ஸ் நாளைக்குக் கட்டிக்கலாம். இன்னிக்கு ஊரைச் சுத்திக் காட்டு" என்றேன்.

"என்ன மாமா இருக்குது இங்க சுத்தறதுக்கு? ப்ரூக்ஃபீல்ட்ஸ் மால் போலாமுங்களா?"

"மால் எங்க ஊர்லயும் இருக்கு. அவினாசி ரோட்டுக்கு விடு."

*

அவினாசி ரோடு இப்போது இரண்டு மாடி. 2025 அக்டோபரில் திறந்த, 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் தலைக்கு மேலே ஓடுகிறது. பெயர், ஜி.டி. நாயுடு மேம்பாலம். அண்ணா சிலையைத் தாண்டி, அவர் பெயரில் கண்காட்சியும் கார் மியூசியமும் இருக்கிற இடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மாப்ளை நாலு வருஷமாக இதே வழியில்தான் காலேஜுக்குப் போகிறானாம். ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லையாம். (மெரினா பீச் மெட்ராஸ்காரனுக்கு எப்படியோ, அப்படி!)

ஜி.டி. நாயுடு 1893ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கும் ஒத்து வரவில்லை, அவர் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்து வரவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்கம் போச்சு. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த மாதிரி வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர்வலமா போனார்? கழற்றினார். அக்கக்காகக் கழற்றி, திரும்ப மாட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டவர், அப்புறம் மோட்டார், ரேஸர், பழச்சாறு பிழியும் மெஷின், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஃபேன் என்று கை வைக்காத சமாசாரமே இல்லை.

"இவருக்கு கைடு யாருங் மாமா?" என்றான் மாப்ளை. கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் நல்ல கேள்வி.

அங்கிருந்து பீளமேடு தாண்டி ஹோப்ஸ் ஸ்டாப். "ஹோப்ஸ்னு ஏன் பேரு வந்தது தெரியுமா?"

"நம்பிக்கைங் மாமா. ஹோப்! இங்க பூரா காலேஜுங்கல்ல?"

நம்பிக்கை இல்லை, ஆர்தர் ஹோப். மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். அவர் பெயரில் 1945ல் இங்கே ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் தொடங்கியபோது, முன்னால் நின்று அதை நடத்தியவர் நம்ம ஜி.டி. நாயுடுதான். அவரே பிரின்ஸிபாலும்கூட! ஒரு வருஷம் பார்த்தார். 'இதைச் சொல்லிக் கொடுக்க நாலு வருஷம் எதுக்கு? ரெண்டு வருஷம் போதும், மிச்சத்தைப் பட்டறையில் கத்துக்கட்டும்' என்றார். வெள்ளைக்கார சர்க்கார் ஒப்பவில்லை. ராஜினாமாவை நீட்டிவிட்டுப் போயே போய்விட்டார். காலேஜும் பிறகு தடாகம் ரோட்டுக்குக் குடிபோய், இன்றைக்கு ஜி.சி.டி. என்று நிற்கிறது. பஸ் ஸ்டாப்பில் கவர்னர் பெயர் மட்டும் மிச்சம்.

மாப்ளை பைக்கை ஓரம் கட்டிவிட்டு யோசித்தான். "அப்ப ரெண்டு வருஷ ஃபீஸ் மிச்சமாயிருக்கும் மாமா!"

அக்கா பையன்தான், சந்தேகமே இல்லை.

டீக்கடையில் நின்றபோது இன்னொரு கோவைக்காரரின் கதையைச் சொன்னேன். அருணாச்சலம் முருகானந்தம். படிப்பை நடுவில் விட்டவர், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். பெண்களுக்கான நாப்கினைக் குறைந்த விலைக்குச் செய்ய முடியுமா என்று 1998 வாக்கில் ஆரம்பித்து, வருஷக்கணக்கில் ஊரும் உறவும் சிரிக்கச் சிரிக்க அதையே கட்டிக்கொண்டு அழுதார். 2016ல் பத்மஸ்ரீ. இந்தியில் 'பேட்மேன்' படமே வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒரு சின்ன சம்பவம். அவரே வெளிப்படையாகச் சொன்னதுதான். தான் செய்த நாப்கினை மெடிக்கல் காலேஜ் மாணவிகள் சிலரிடம் கொடுத்து, உபயோகித்துப் பார்த்து ஃபாரத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வாங்கப் போன அன்று பார்த்தால், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய ஃபாரத்தையும் மளமளவென்று பூர்த்தி செய்துகொண்டிருக்கிறார்கள்!

மனிதர் அந்த ஃபாரங்களை நம்பவில்லை. வேறு வழி தேடிப் போனார். அதில்தான் இருக்கிறது விஷயம். அந்தப் பொய் ஃபாரங்களை வைத்தே ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்கலாம். பைண்டிங் பண்ணித் தங்க எழுத்து போட்டிருக்கலாம். மெஷின்தான் வந்திருக்காது.

மாப்ளை டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாங்களும் போன வருஷம் சர்வே ஃபாரமெல்லாம் கேன்டீன்ல உக்காந்துதானுங் மாமா ஃபில்லப் பண்ணோம்..." என்றான் மெதுவாக.

*

அக்கா வீடு வடவள்ளியில். வழியில் லாலி ரோடு. அங்கே ஒரு பக்கம் விவசாயப் பல்கலைக்கழகம் பச்சைப்பசேல் என்று விரிந்து கிடக்கிறது. 1868ல் மெட்ராஸ் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1906ல் கோவைக்கு இடம் மாறி, 1971ல் பல்கலைக்கழகமான சமாசாரம். எம்.எஸ். சுவாமிநாதன் படித்தது இங்கேதான். பக்கத்திலேயே 1912ல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம்.

கரும்பு ஆராய்ச்சிக்கு ஏன் கோவையைப் பிடித்தார்கள்? இங்கே கரும்பு நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும் என்பதால். பூத்தால்தானே ஒன்றோடு ஒன்றைக் கலப்புச் செய்யலாம்! பார்பர் என்ற வெள்ளைக்காரரும் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த முதல் பெரிய காரியம், தித்திப்பான நாட்டுக் கரும்பை, ஆற்றோரம் தானாக முளைக்கிற காட்டு நாணல் கரும்போடு கலந்தது. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1918ல் பஞ்சாப் பக்கம் போன அந்த 'கோ 205' ரகம், வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. 'கோ' என்றால் வேறொன்றுமில்லை, கோயமுத்தூர்! ஒரு புது ரகம் வயலுக்கு வர இன்றைக்கும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். மாப்ளைக்குக் கொடுத்திருப்பது மூன்று மாசம். அதுவும் கிரிக்கெட் போக மிச்சம்.

ஜூஸ் கடையில் நாலைந்து மாணவிகள். அக்ரி கடைசி வருஷம். இப்போதெல்லாம் அந்த டிகிரிக்கு பி.எஸ்ஸி. ஆனர்ஸ் என்றே பெயர். கடைசி வருஷத்தில் 'ரேவ்' என்று ஒன்று உண்டு. வாரக்கணக்கில் கிராமத்தில் தங்கி, விவசாயி கூடவே வேலை பார்க்க வேண்டும். மாப்ளைக்கு ஒரு பெண் பழக்கம் போல. (அவன் காது சிவந்ததை அக்காவிடம் நான் சொல்லவில்லை.)

"எப்படிம்மா இருந்துச்சு கிராமம்?"

"முதல் வாரம் நாங்க அவங்களுக்குப் பாடம் எடுத்தோமுங் சார். ரெண்டாவது வாரத்துல இருந்து அவங்க எங்களுக்கு எடுத்தாங்க!"

அந்தப் பெண் மூன்று சின்னப் பாத்தி போட்டு, மூன்று அளவில் உரம் வைத்து, நிலக்கடலை விளைச்சலை ஒப்பிட நினைத்தாளாம். முளைத்து வருகிற நேரத்தில் மயில் கூட்டம் வந்து இரண்டு பாத்தியைக் காலி பண்ணிவிட்டது. கோவைப் பக்கம் விவசாயிகளுக்கு இப்போது மயில் பெரிய தலைவலி. விரட்டலாம், அடிக்க முடியாது. தேசியப் பறவை. போதாததற்கு மருதமலை முருகன் வாகனம். கேஸும் போட முடியாது, கோபித்துக்கொள்ளவும் முடியாது.

"ரிசல்ட் டேபிள்ல மயிலை எந்தக் காலத்துல போடறதுன்னே தெரியலீங் சார். மேடம்கிட்ட அழுதுட்டேன். அவங்க சிரிச்சுட்டு, 'எது நடந்துச்சோ அதை எழுது, மயிலும் ஒரு ரிசல்ட்தான்'னுட்டாங்க. அப்புறம் எந்தப் பாத்திக்கு எந்த நேரத்துல மயில் வருதுன்னு குறிச்சு வெச்சேன். ஊர்க்காரங்க உரத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை. அந்த நோட்டைத்தான் வந்து கேட்டாங்க!"

*

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. மாடியில் குடியிருக்கிற பெண்ணும் கீழே வந்திருந்தாள். அம்மணி பி.எட். இரண்டாம் வருஷம். 2015லிருந்து பி.எட். இரண்டு வருஷம் ஆகி, அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பழக வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அதில் இவளுக்கும் ஒரு பிராஜெக்ட்.

"ஆறாம் கிளாஸ்ல ஒரு பையனுங். கழித்தல் கணக்குப் போட்டா தப்பு தப்பா வரும். சாயங்காலம் பாத்தா அவங்கப்பாவோட தள்ளுவண்டிக் கடையில நின்னு, 140 ரூபாய் போக 500க்கு மீதி டக்குனு எண்ணித் தர்றான்! எப்படிங் இது? அதைத்தான் எழுதிட்டிருக்கேன்."

இந்தக் கேள்வியைப் பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற ஊரில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். தெருவில் பழமும் இளநீரும் விற்கிற பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் மாதிரி போய் விலை கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை அதே பிள்ளைகளுக்குப் பேப்பரில் வெறும் எண்ணாகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37தான் சரி! 1985ல் வந்த அந்த ஆராய்ச்சியை உலகம் பூராவும் ஆசிரியர் பயிற்சியில் இன்னும் சொல்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் பார்த்த பிள்ளைகள் மொத்தம் ஐந்தே ஐந்து பேர்.

"அஞ்சு பேரா! எங்க கைடு நூறு சாம்பிள் வேணும்னு சொல்வாருங் மாமா" என்றான் மாப்ளை.

"நூறு சாம்பிள் கேன்டீன்ல உக்காந்தா கிடைக்கும்டா. அஞ்சு பிள்ளைங்கதான் கிடைக்க மாட்டாங்க."

அப்போதுதான் அவன் கேட்டான். வந்ததிலிருந்து நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. "மாமா... உங்க பிராஜெக்டை நீங்களேதான் செஞ்சீங்களா?"

அக்கா ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிட்டேன். 1998. நாலு பேர் கொண்ட குழு. 'தொட்டி நிறைந்தால் தானாக நிற்கும் மோட்டார்'. தலைக்கு 600 ரூபாய் போட்டு ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரிடம் வாங்கினோம். வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் பெட்டியைத் திறந்து, ஒரு ரெசிஸ்டரைத் தொட்டுக் காட்டி, "இதை எடுத்துட்டா என்னாகும்?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கடைக்காரர் திட்டுவார் சார்" என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த எக்ஸாமினரும் சிரித்தார். பாஸ் போட்டு அனுப்பினார். ஆனால் ஆபீஸில் இன்றைக்கும் யாராவது, "நீங்க இன்ஜினீயர்தானே?" என்று எதையாவது திறந்து காட்டினால், எனக்கு அந்த ரெசிஸ்டர்தான் ஞாபகம் வருகிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு இன்னமும் தெரியாது. இதுதான் நான் முதலில் சொன்ன வில்லங்கம்.

மாப்ளை சிரிக்கவில்லை.

*

சாயங்காலம் தொண்டாமுத்தூர் பக்கம், மாப்ளையின் அப்பாரு தோட்டத்துக்குக் கிளம்பினோம். அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர், கொங்கு நாட்டு முறை. கூடவே மாப்ளையின் சிநேகிதன் ஒருவனும் தொற்றிக்கொண்டான். பி.ஏ. தமிழ், கடைசி வருஷம். பையில் நோட்டு. 'படைப்பிலக்கியம்' என்று ஒரு பேப்பராம், ஒரு சிறுகதை எழுதித் தர வேண்டும். காதல் கவிதையாக எழுதிக்கொண்டு போனானாம். பேராசிரியர் திருப்பிக் கொடுத்து, 'முதல்ல உங்க ஊர் வார்த்தை நூறு பொறுக்கிட்டு வா, அப்புறம் கதை எழுது' என்றிருக்கிறார்.

பேராசிரியர் சொன்னதற்கு இந்த மண்ணில் முன்கதை உண்டு. 1942லேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை அப்படியே எழுதியவர் ஆர். சண்முகசுந்தரம். 1971ல் கோவையிலிருந்து விலை போடாமல் வந்த 'வானம்பாடி' கவிதை இதழின் ஆட்களில் சிற்பி, மு. மேத்தா என்று பலர் வாத்தியார்கள். கோவை பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படித்த பெருமாள்முருகன், டாக்டர் பட்டத்துக்கு ஆர். சண்முகசுந்தரத்தையே எடுத்துக்கொண்டார். 2000ல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையும் போட்டார். மாணவன் நோட்டில் குறித்த வார்த்தை அகராதியாகிறது, அகராதி நாவலாகிறது. அதுவும் ஒரு சோதனைச்சாலைதான், பியூரெட் பிப்பெட் இல்லை, அவ்வளவுதான்.

தோட்டத்தில் பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பது வயசு. "வாங்க தம்பி. மெட்ராஸ்ல மழையுங்களா?" என்று எனக்கு. "வா கண்ணு" என்று பேரனுக்கு. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆயிரம் அடி போர். அந்த போரில் இந்த வருஷம் மூன்றாவது தடவையாக மோட்டார் காயில் புகைந்துபோய், நேற்றுத்தான் கட்டி இறக்கியிருக்கிறார்கள்.

"ஏனுங் புகையுது?" என்றேன்.

"போட்டு உட்டுட்டு அக்கட்டால போயிருவனுங். தண்ணி எப்ப நின்னுச்சுன்னு ஆருக்குத் தெரியும்? வெறுங்கொழாயில சுத்திக் கருகிப் போகுதுங்."

போர் மோட்டாருக்குச் சுற்றிலும் ஓடுகிற தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் நின்றால் சூடு ஏறும், காயில் கருகும். இது மாப்ளைக்குப் பாடத்தில் வந்ததுதான். அவனே எனக்கு விளக்கினான்.

அதற்குள் தமிழ்ப் பையன் நோட்டைத் திறந்துவிட்டான். "ஐயா, அந்தக் காலத்துல கவலை எறைப்பீங்களாமே, அதுல என்னென்ன சாமானுங்க?"

பெரியவர் முகத்தில் அறுபது வயசு குறைந்தது. சால், வடக்கயிறு, வால்கயிறு, தும்பு என்று ஒவ்வொன்றாக, கையால் காற்றில் வரைந்து காட்டிச் சொன்னார். மாடு முன்னே போனால் சால் மேலே வரும், பின்னே வந்தால் கிணற்றுக்குள் இறங்கும். பையன் எழுதித் தள்ளினான்.

"ஒரு நாளைக்கு எத்தனை சால் எறைப்பீங்க?"

"மாட்டுக்குத் தெம்பு இருக்கற வரைக்கும்னு நெனச்சியா சாமி? இல்லை. கெணத்துக்குத் தெம்பு இருக்கற வரைக்கும். எங்கய்யன் எண்ணிட்டே ஓட்டுவாரு. சித்திரையில இத்தனை சாலு, ஐப்பசியில இத்தனை சாலுன்னு அவருக்குக் கணக்கு. அதுக்கு மேல ஒரு சால் எறைக்க மாட்டாரு. மாட்டை அவுத்துக் கட்டிருவாரு. மறுக்கா ஊறோணுமில்ல?"

"இந்த போருக்கு எத்தனைங் அப்பாரு?" என்று கேட்டான் மாப்ளை.

பெரியவர் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை. போர் போட்டுப் பல வருஷமாயிற்று. யாரும் எண்ணவில்லை.

தென்னந்தோப்பில் சற்று நேரம் மயில் சத்தம் மட்டும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. (எனக்கு அது அபூர்வம்.)

மாப்ளை எழுந்து போய் ஓரமாகக் கிடந்த 200 லிட்டர் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து குழாய்க்கு அடியில் நிறுத்தினான். செல்போனில் ஸ்டாப் வாட்ச். மோட்டாரைப் போட்டான். டிரம் நிறைய 1 நிமிஷம் 50 விநாடி. கவிழ்த்தான். கால் மணி கழித்து இன்னொரு தடவை. தமிழ்ப் பையனின் நோட்டில், கவலைச் சொற்களுக்குப் பக்கத்து ஏட்டில், எண்கள் விழ ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஓடிப் போய் ஆம்பியர் மீட்டரையும் பார்த்தான். "மாமா, தண்ணி கொறஞ்சா லோடு கொறையும், ஆம்பியரும் எறங்கோணுமில்லீங்? அது எப்ப எறங்குதுன்னு தெரிஞ்சா, காத்து வர்றதுக்கு முன்னாலயே நிறுத்திரலாம்!"

அப்படி நிறுத்துகிற கருவி கோவைக் கடைகளிலேயே கிடைக்கிறது. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் இந்த போரில் சித்திரையில் எத்தனை நிமிஷம் தண்ணீர் வரும், அப்புறம் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பது எந்தக் கடையிலும் இல்லை. ஏ.ஐ.க்கும் தெரியாது. பிரேசிலிலும் இல்லை. இந்த ஒரு டிரம்மில்தான் இருக்கிறது.

இருட்டிய பிறகு, குழாய் இருமியது. தண்ணீரோடு காற்று. மாப்ளை பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தான். நேரத்தைக் குறித்தான்.

"பதினெட்டாயிரம் என்னடா மாப்ளே ஆச்சு?" என்றேன்.

"அதுல ரெண்டு தடவை காயில் கட்டலாமுங்" என்றார் பெரியவர், அவன் சொல்வதற்கு முன்.

*

இரண்டு மாசம் ஓடிவிட்டது. நடுவில் அவ்வப்போது வாட்ஸப்பில் எண்களாக வந்துகொண்டிருந்தன. ஒரு நாள், 'மாமா, இன்னிக்கு ரீடிங் எடுக்கலை, காய்ச்சல், டேபிளில் காலியா விட்டுட்டேன்' என்று ஒரு மெசேஜ். அந்த ஒரு காலிக் கட்டத்துக்காக, என் பரணில் கிடக்கிற தங்க எழுத்து பைண்டிங்கை எடைக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. தசம ஸ்தானம் மூன்று வரைக்கும் நாங்கள் அதில் போட்டிருந்த ரீடிங்குகளில் ஒன்றைக்கூட நாங்கள் எடுக்கவில்லை.

நேற்று போன். "மாமா, ரிப்போர்ட் முடிஞ்சுதுங். பைண்டிங் போகுது. முதல் பக்கத்துல நன்றி சொல்ற எடத்துல அப்பாரு பேரைப் போட்டேன். கைடு, 'பேர் போட்டா பதவி போடணும்'ங்கறாரு. என்ன போடறது?"

"ஃபீல்டு சூப்பர்வைசர்னு போடு."

போனைக் கையால் மூடிக்கொண்டு பெரியவரிடம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து அவர் குரல்:

"அதெல்லாஞ் செரி கண்ணு. சம்பளம் எத்தனைன்னு கேட்டுச் சொல்லு!"